திரையில் ஒரு கோடு

தென் கொரியாவில் குவாச்சியோன் என்னும் நகரில் ஒரு தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு அதன் நடுக்கூடத்தில் ஒரு கோபுரம் எழுப்பப்பட்டது. கல்லாலோ மரத்தாலோ ஆன கோபுரம் அன்று அது. 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, நாம்-ஜுன் பைக் என்னும் கலைஞர் அமைத்த ஒளிக்கோபுரம். 1,003 என்னும் எண், கொரிய மக்கள் தங்கள் நாடு தோன்றிய நாளாகக் கொண்டாடும் அக்டோபர் 3ஐக் குறிப்பது. முப்பது ஆண்டுகளாக ஒளிர்ந்த அந்தக் கோபுரம், பெட்டிகள் முதுமையுற்றுப் பழுதானமையால் 2018 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பழுதுபார்க்கும் பணி முடிந்து 2022 செப்டம்பரில்தான் அது மீண்டும் ஒளிர்ந்தது.

அப்பணியில் 737 பெட்டிகள் படக்குழாயுடனேயே காப்பாற்றப்பட்டன. சில பழுதுபார்க்கப்பட்டன, சிலவற்றின் இடத்தில் பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து வைத்தனர். மேலடுக்குகளில் இருந்த 266 சிறிய பெட்டிகளில் மட்டும் தட்டைத் திரைகள் பொருத்தப்பட்டன. ஆயிரம் பெட்டிகளையும் புதிதாக வாங்கி வைத்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். வாங்க இயலாது என்பதே விடை. தட்டைத் திரைகள் பரவியபின் படக்குழாய்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று எஞ்சியிருக்கும் குழாய்களே உலகின் கையிருப்பு.

பழைய கணிப்பொறிகளின் மானிட்டர்கள், விளையாட்டு எந்திரங்களின் திரைகள், வீட்டில் மூலையில் கிடக்கும் பெட்டிகள் யாவற்றுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பழுதுபார்க்க முனைபவர் அவசரப்பட்டுக் குழாயை உடைத்துவிட்டால், மாற்றுக் குழாய் கிடைப்பது அரிது. ஆகவே, எதையும் கழற்றுமுன் பழுது எங்கே என்பதைக் கண்டறிய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பழுதான திரையே பெரும்பாலும் பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஒரு புள்ளி படமாவது எவ்வாறு?

ஜெர்மானிய அறிவியலர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897இல் அமைத்த கதிர்க்குழாயே இன்றைய படக்குழாய்களின் மூதாதை. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவையின் கழுத்தில் ஒரு சிறு மின்னிழை இருக்கிறது. அது சூடேறும்போது அதைச் சூழ்ந்துள்ள எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. குடுவையின் அகன்ற பகுதியில் உள்ள நேர்மின்வாயில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. சிறிய கறுப்பு வெள்ளைக் குழாயில் அது ஏறத்தாழ 10,000 முதல் 15,000 வோல்ட் வரை. வண்ணக் குழாயில் 25,000 வோல்ட் வரையிலும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். இந்த ஈர்ப்பினால் எலக்ட்ரான்கள் மெல்லிய கற்றையாகப் பாய்ந்து திரையின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருளில் மோதுகின்றன. மோதிய இடம் ஒளிர்கிறது.

ஆனால் இவ்வாறு கிடைப்பது ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளியை ஓட வைத்தால்தான் படம் உண்டாகும். குடுவையின் கழுத்தில் மாட்டப்பட்டிருக்கும் கம்பிச் சுருள்கள் இதைச் செய்கின்றன. பழுதுபார்ப்போர் இதனை ‘யோக்’ என்பர். இதில் இரு இணைச் சுருள்கள் உண்டு. ஓர் இணை கற்றையை இடமிருந்து வலமாக இழுக்கும். இதனைக் கிடைச்சுருள் எனலாம். மற்றோர் இணை மேலிருந்து கீழாக இறக்கும். இது செங்குத்துச் சுருள்.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப்படத்துக்கு 625 கோடுகள். நொடிக்கு 25 படங்கள். எனவே புள்ளி நொடிக்கு 15,625 முறை இடமிருந்து வலம் ஓட வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோநொடி. படம் கண்ணுக்குத் துடிப்பாகத் தெரியாதிருக்க, ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்டு ஒரு கோடாக இரு பாதிகளில் வரையப்படுகிறது. ஆகவே மேலிருந்து கீழான ஓட்டம் நொடிக்கு 50 முறை நிகழும்.

இவ்வேலையைச் செய்பவை ஐந்து பகுதிகள்: மின்வழங்கி, படக்குழாய், கிடைச்சுற்று, செங்குத்துச்சுற்று, படக்குறிகளைப் பெருக்கும் சுற்று. ஒவ்வொன்றும் தன் வேலையைத் திரையில் எழுதிக் காட்டுவதால், எந்த வேலை நின்றுபோயிற்று என்பதும் திரையிலேயே தெரிந்துவிடும்.

கோடு கூறும் செய்தி

மிகவும் வழக்கமான ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். பெட்டியைப் போட்டதும் படம் இல்லை. திரையின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பளிச்சென்று ஒரே ஒரு படுக்கைக் கோடு. இதிலிருந்து நாம் அறிவது யாது?

கோடு ஒளிர்கிறது, ஆகவே மின்வழங்கி வேலை செய்கிறது. எலக்ட்ரான்கள் வருகின்றன, ஆகவே குழாயின் மின்னிழை எரிகிறது. அவை திரைவரை பாய்கின்றன. ஆகவே உயர்மின்னழுத்தமும் இருக்கிறது. கோடு இடவலமாக நீண்டிருக்கிறது. ஆகவே கிடைச்சுற்றும் நலமே. மேல்கீழ் ஓட்டம் மட்டும் இல்லை. எஞ்சியிருக்கும் குற்றவாளி செங்குத்துச்சுற்று ஒன்றே. பெட்டியைத் திறவாமலே பெரும்பகுதியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்!

இனி, கோடு படுக்கையாக இல்லாமல் நட்டமாக நின்றால் என்ன பொருள்? கிடைச்சுற்று நின்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். அது பெரும்பாலும் தவறு. காரணத்தைப் புரிந்துகொள்ள, உயர்மின்னழுத்தம் எங்கே பிறக்கிறது என்பதை அறிய வேண்டும்.

64 மைக்ரோநொடியில் ஏறத்தாழ 52 மைக்ரோநொடி கற்றை வலப்புறம் செல்கிறது. எஞ்சிய 12 மைக்ரோநொடியில் அது விரைந்து இடப்புறம் திரும்புகிறது. சுருளில் ஓடும் மின்னோட்டம் இவ்வளவு குறுகிய காலத்தில் திசைமாறும்போது பெரியதொரு மின்துடிப்பு எழும். அந்தத் துடிப்பை ஒரு மின்மாற்றி மேலும் உயர்த்தி, பல்லாயிரம் வோல்ட்டாக்கிக் குழாய்க்கு அளிக்கிறது. பழுதுபார்ப்போர் ‘இ.எச்.டி.’ என்று அழைப்பது இந்த மின்மாற்றியைத்தான். கிடைச்சுற்று நின்றால் இதுவும் நின்றுவிடும். திரை முற்றிலும் இருண்டுபோகும்.

ஆகவே நட்டமான கோடு ஒன்று தெரிகிறதென்றால், கிடைச்சுற்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் மின்னோட்டம் யோக்கின் கிடைச்சுருளுக்குப் போய்ச் சேரவில்லை. அறுந்த கம்பி, கழன்ற இணைப்பி, சுருளோடு தொடராக உள்ள மின்தேக்கி ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். இரு கோடுகளும் பார்ப்பதற்கு உடன்பிறப்புகள் போன்றவை. காரணங்களோ வேறு வேறு.

படுக்கைக் கோட்டுக்குத் திரும்புவோம். முதலில் செய்ய வேண்டியது ஒளியளவைக் குறைப்பது. திரை முழுவதும் பரவ வேண்டிய ஆற்றல் ஒரே கோட்டில் விழுவதால் ஒளிர்பொருள் கருகி, அழியாத தழும்பு ஏற்பட்டுவிடும். பின்னர், இந்தப் பழுது ஒரே நொடியில் வந்ததா, விட்டுவிட்டு வந்ததா என்று உரிமையாளரைக் கேட்க வேண்டும். பெட்டியின் பக்கத்தில் தட்டினால் படம் விரிந்து மீண்டும் சுருங்கியது என்று அவர் சொன்னால், எங்கோ பற்றவைப்பு விட்டிருக்கிறது. பெட்டி நாள்தோறும் சூடாகி ஆறுவதால், கனமான உறுப்புகளின் கால்களைச் சுற்றியுள்ள ஈயப் பற்றாசில் மயிரிழை போன்ற வட்ட விரிசல் உண்டாகிறது. இதைத்தான் ‘டிரை சால்டர்’ என்கிறார்கள். 1984இல் வெளிவந்த ஆப்பிள் மேக்கின்டாஷ் கணிப்பொறியிலும், அதன் வழிவந்த ‘பிளஸ்’ வகையிலும் யோக் கம்பிகள் வந்து சேரும் இணைப்பியின் கால்களில் இவ்விரிசல் விழுவது பலரும் அறிந்த நோய். ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும், மீண்டும் பற்றவைக்கச் சில நிமிடங்களுமே இதற்கான மருந்து.

தட்டினாலும் மாற்றமில்லையென்றால் செங்குத்துச் சுற்றுக்கு மின்னழுத்தம் வருகிறதா, அதன் வழியிலுள்ள மின்தடை கருகியிருக்கிறதா, வெளியீட்டு டிரான்சிஸ்டர் அல்லது ஒருங்கிணைந்த சில்லு கெட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். படம் முழுக் கோடாகச் சுருங்காமல், மேற்பகுதி மட்டும் மடிந்து தெரிந்தால், சந்தேகம் பெரும்பாலும் மின்பகு மின்தேக்கியின் மேல் விழும். அதனுள் இருக்கும் ஈரம் ஆண்டுக்கணக்கான சூட்டில் உலர்ந்து, உள்மின்தடை கூடிவிடுகிறது. அளவுக்கருவியில் அதன் கொள்திறன் சரியாகவே தெரியலாம். ஆயினும் வேலைக்கு உதவாது. உள்மின்தடையை அளக்கும் கருவியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இருண்ட திரை

திரையில் எதுவுமே இல்லாதபோது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். கண்ணோடு காதும் தோலும் துணைக்கு இருக்கின்றன.

முதலில் பெட்டியின் விளக்கு எரிகிறதா, பியூஸ் நலமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, இருட்டறையில் பின்புறத் துளைகள் வழியே குழாயின் கழுத்தைப் பார்த்தால் மின்னிழை ஆரஞ்சு நிறத்தில் எரிவது தெரியும். பின்பு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கிடைச்சுற்று நொடிக்கு 15,625 முறை துடிப்பதால் மெல்லிய ஊதல் ஒலி எழும். வயது ஏற ஏற நம் செவி உயர் அதிர்வெண்களை இழந்துவிடுகிறது. ஆகவே, அனுபவமிக்க பழுதுபார்ப்பவருக்குக் கேட்காத ஒலி, அருகில் நிற்கும் சிறுவனுக்குத் தெளிவாகக் கேட்கும். இறுதியாக, பெட்டியைப் போட்டவுடன் முன்கையைத் திரைக்கு அருகே கொண்டுசென்றால், உயர்மின்னழுத்தம் இருக்குமாயின் கையின் மயிர் சிலிர்க்கும்.

மின்னிழையும் எரிந்து, மயிரும் சிலிர்த்து, திரை மட்டும் இருண்டிருந்தால் ஒளியளவுத் திருகை முழுவதும் கூட்டிப் பார்க்க வேண்டும். சாம்பல் நிற வெளிச்சம் திரை முழுவதும் பரவினால் பெட்டி பெரும்பாலும் நலமாக இருக்கிறது. படக்குறிதான் வந்து சேரவில்லை. கம்பியையும் கணிப்பொறியையும் சோதிக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் தன் கணிப்பொறிக்கென வெளியிட்ட 5151 என்னும் பச்சைத் திரை மானிட்டரில், தானே துடிக்கும் கிடை அலையியற்றி கிடையாது. அது வேண்டிய துடிப்பைக் கணிப்பொறியிலிருந்தே பெறுகிறது. தனியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் ஊதலும் இராது, வெளிச்சமும் இராது. இதை அறியாதவர் நல்ல பெட்டியைப் பழுது என்று முடிவுகட்டிவிடுவார். ஆகவே, பெட்டி நோயுற்றிருக்கிறதா, செய்தி கிடைக்காமல் சும்மா இருக்கிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஆடும் படம், வீங்கும் படம்

படம் வந்தும் சரியாக இல்லாத நிலைகள் சில உண்டு. படம் மேலோ கீழோ உருண்டோடினால் செங்குத்து ஓட்டம் படக்குறியோடு ஒத்திசையவில்லை. படம் சாய்ந்த பட்டைகளாகக் கிழிந்தால் கிடை ஓட்டம் ஒத்திசையவில்லை. இரண்டும் ஒருங்கே நேர்ந்தால், இரு சுற்றுகளும் ஒரே நாளில் கெட்டிருக்கும் என்று நம்புவதைவிட, இரண்டுக்கும் பொதுவான ஒத்திசைவுக் குறி வரவில்லை என்று கொள்வதே அறிவுடைமை.

திரையில் கருமையும் வெண்மையுமான அகன்ற படுக்கைப் பட்டைகள் தோன்றிப் படத்தின் ஓரங்கள் நெளிந்தால், மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கி தளர்ந்திருக்கலாம். இதில் பட்டைகளை எண்ணுவதும் பயன் தரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. இரு பாதிகளையும் நேராக்கும் திருத்தியிலிருந்து நொடிக்கு 100 அலைகள் வரும். திரை நொடிக்கு 50 முறை வரையப்படுவதால் இரு பட்டைகள் தெரியும். ஒரே பட்டை தெரிந்தால் திருத்தியின் ஒரு பாதி வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம்.

ஒளியளவைக் கூட்டும்போது படம் மங்கிக்கொண்டே வீங்குவது மற்றொரு நோய். மின்னழுத்தம் குறைந்தால் படம் சுருங்க வேண்டும் என்று நினைப்போம். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. குழாயின் உயர்மின்னழுத்தம் குறைந்தால் எலக்ட்ரான்களின் வேகம் குறையும். மெதுவாகச் செல்பவற்றை யோக் எளிதில் வளைத்துவிடும். எனவே படம் பெரிதாகும். உயர்மின்னழுத்தத்தைத் தாங்கிக் கொடுக்கும் பகுதியில் தளர்ச்சி என்பதே இதன் பொருள். படம் நான்கு புறமும் ஒரே அளவாகச் சுருங்கினால், பெட்டி முழுவதற்கும் மின்சாரம் தரும் முதன்மை வழங்கியைச் சோதிக்க வேண்டும்.

நிறம் மாறினால்

வண்ணக் குழாயில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கற்றைகள் உண்டு. வெண்மையாக இருக்க வேண்டிய திரை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் இல்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு இல்லை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தாற்போலத் தெரிந்தால் பச்சை இல்லை. பழுது வெளியிலா உள்ளிலா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் கம்பிகள் இருந்தால், இரு கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். இல்லாத நிறமும் இடம் மாறினால் பழுது கணிப்பொறியிலோ கம்பியிலோ இருக்கிறது. மாறாமல் அதே நிறம் இல்லாதிருந்தால் பழுது பெட்டிக்குள்.

மூலைகளில் மட்டும் நிறத் திட்டுகள் தெரிந்தால் மின்சுற்றைக் குறை கூற வேண்டாம். குழாயினுள் உள்ள துளைத்தகடு காந்தமேறியிருக்கிறது. அருகில் ஒலிபெருக்கி இருந்தால் அகற்ற வேண்டும். வண்ணப் பெட்டியைப் போட்டவுடன் ‘டம்’ என்று ஒரு சிறு முழக்கம் கேட்பது வழக்கம். அது காந்தநீக்கச் சுருளின் ஒலி. ஒலி கேட்கவில்லையென்றால், அச்சுருளுக்கு மின்னோட்டம் விடும் வெப்பத்தடை உடைந்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் மங்கலாக, வெண்மையான இடங்கள் வெள்ளி பூசினாற்போலத் தேய்ந்து தெரிந்து, பல நிமிடங்களுக்குப் பின்னரே ஓரளவு தெளிந்தால் எதிர்மின்வாய் களைத்துவிட்டது என்று பொருள். குழாயின் முதுமை என்னும் இத்தீர்ப்பை மற்றெல்லாவற்றையும் விலக்கிய பின்னரே கூற வேண்டும்.

மூடியைத் திறக்குமுன்

இதுவரை சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றைப் பெட்டியைத் திறவாமலே செய்யலாம். மாணவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திறப்பது, பயிற்சி பெற்றவர் உடனிருக்கும்போது மட்டுமே.

படக்குழாயே ஒரு மின்தேக்கி. மின்சாரத்தை நிறுத்தியபின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். குழாயின் கொள்திறனை 1,000 பைக்கோஃபாரட் என்றும், மின்னழுத்தத்தை 25,000 வோல்ட் என்றும் கொண்டால் தேங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 0.3 ஜூல். அதிர்ச்சி கடுமையாக இருக்கும். கையை வெடுக்கென்று இழுக்கும் வேகத்தில் குழாயின் மெல்லிய கழுத்தும் உடைந்துபோகும். பலர் இந்த 25,000 வோல்ட்டுக்கு மட்டும் அஞ்சி மற்றொன்றை மறந்துவிடுகிறார்கள். வீட்டு மின்சாரத்தை நேராக்கும் பகுதியில் 325 வோல்ட் அளவில் ஒரு மின்தேக்கி இருக்கும். அது 220 மைக்ரோஃபாரட் ஆனால் அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 11.6 ஜூல், குழாயில் உள்ளதைப்போல முப்பது மடங்குக்கும் மேல்! உயிருக்கு உலை வைப்பதில் இதுவே முந்திக்கொள்ளும். இவ்விரண்டையும், செருகியைக் கழற்றியபின், தக்க மின்தடை வழியாக இறக்கிவிட்டு, மின்னேற்றம் போயிற்று என்று அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். குழாயில் சிறிது மின்னேற்றம் மீண்டும் ஊறி வருவதுண்டு. ஆகவே இறக்குவதை இருமுறை செய்வது நல்லது.

காற்றழுத்தத்தையும் மறத்தல் ஆகாது. 28 சென்டிமீட்டர் அகலமும் 21 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட திரையின் மேல் வளிமண்டலம் ஏறத்தாழ 600 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

திறந்த பின்னரும் கண்ணில் படும் திருகுகளையெல்லாம் திருப்பிப் பார்ப்பது தகாது. நேற்றுவரை நன்றாக இயங்கிய பெட்டியில் திருகு தானாகத் திரும்பியிராது. கண்டதைக் குறித்துக்கொண்டு, விலக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதில் கை வைப்பதே முறை.

குழாய் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்று முடிவானால் அந்தப் பெட்டியையும் எறிந்துவிட வேண்டியதில்லை. அதன் மின்சுற்றுகள் நலமாக இருக்கும். மின்சுற்று கருகிக் குழாய் மட்டும் நலமாக உள்ள அதே வகைப் பெட்டி வேறு எங்காவது கிடைக்கலாம். இரண்டையும் சேர்த்தால் மீண்டும் ஒரு பெட்டி ஒளிரும்.